இருட்டில் நின்ற அம்பாசடர்

பழைய கார்களின் ஒயரிங் கோளாறுகள் மெக்கானிக்குகளையே மிரள வைப்பவை. ஆனால் பொறுமையும் ஒரு சின்ன பல்பும் இருந்தால் புதியவர்களும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியும்.

மழை இரவு. ஹௌராவிலிருந்து கொல்கத்தாவுக்குள் நுழையும் வித்யாசாகர் சேதுவின் நடுவே, 1968இல் உத்தர்பாரா ஆலையிலிருந்து வெளிவந்த ஓர் அம்பாசடர் மார்க் 2 ஊர்ந்துகொண்டிருந்தது. முதலில் ரப்பர் கருகும் வாடை. அடுத்து டாஷ்போர்டின் அடியிலிருந்து ஒரு கோடாகப் புகை. ஹெட்லைட்டுகள் இரண்டும் ஒரே சமயத்தில் அணைந்தன. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. பின்னால் லாரிகள் ஹாரனை அலறவிட்டபடி விலகிச் சென்றன.

காரை ஓட்டி வந்தவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். வயது 46. பின் சீட்டில் அவருடைய 82 வயதுத் தந்தை. இந்தக் காரைப் புதிதாக வாங்கியவர் அவர்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு குழறும். ‘சீட்... சீட்...’ என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை, இறங்க வேண்டும் என்கிறார் என்று மகன் எடுத்துக்கொண்டார்.

பானெட்டைத் திறந்த மகனுக்கு ஒன்று மட்டும் புரிந்தது: பாட்டரியின் இணைப்பைத் துண்டித்தால் புகை நிற்கும். ஆனால் இணைப்பின் நட்டு கையால் அசையவில்லை. ஸ்பானர் இல்லை. பின்னால் வந்த மஞ்சள் டாக்ஸியின் ஓட்டுநர் ‘தள்ளுங்க தாதா’ என்று அவரை ஒதுக்கிவிட்டு, தன் ஸ்பானரால் ஒரே திருப்பில் கேபிளைக் கழற்றினார். புகை அடங்கியது. கார் தப்பியது, அதைவிட முக்கியம், உள்ளே இருந்தவர் தப்பினார்.

மறுநாள் பார்த்த மெக்கானிக் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார்: ‘எல்லா ஒயரையும் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.’ முதலாவதற்குப் பணமில்லை. இரண்டாவதற்கு மனமில்லை. மூன்றாவது வழியாக, தானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார் அந்தக் கணக்கர்.

குறையும் கைகள்

இந்தச் சங்கடம் அவருக்கு மட்டும் உரியதல்ல. 1957இல் வெளிவரத் தொடங்கிய அம்பாசடரின் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றது. மும்பையின் பிரிமியர் பத்மினி அதற்கு முன்பே விடைபெற்றுவிட்டது. மஞ்சள் டாக்ஸிகளும் வயது வரம்பில் சிக்கி ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. அவற்றை நம்பிப் பிழைத்த மிஸ்திரிகளும் குறைந்து வருகிறார்கள். இன்றைய இளம் மெக்கானிக் கணினியைச் செருகிக் கோளாறின் எண்ணைப் படிக்கிறார். 1968 மாடல் காரில் செருகுவதற்கு ஓட்டை ஏதுமில்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய காரின் மின்சாரம் புதிய காருடையதைவிடப் பலமடங்கு எளிமையானது. ஒரு பாட்டரி, ஒரு டைனமோ, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கட்-அவுட் பெட்டி, சில சுவிட்சுகள், சில விளக்குகள். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. சிக்கலை உண்டாக்குவது வடிவமைப்பு அல்ல, வயதுதான். இன்ஜின் சூட்டில் ஒயரின் மேலுறை இறுகி, வளைத்தால் உதிர்கிறது. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. எலி கடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரை நூற்றாண்டில் காரைத் தொட்ட ஒவ்வொருவரும் ஆளுக்கொரு ஒயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் கேசட் பிளேயர், ஒருவர் பனி விளக்கு, ஒருவர் பஸ் ஹாரன்.

அபாயம் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வடிவக் கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட்டும் இக்னிஷனும் பெரும்பாலும் எந்த ஃபியூஸின் வழியாகவும் போவதில்லை. அங்கே ஷார்ட் ஏற்பட்டால் எரிந்து காப்பாற்ற ஃபியூஸ் இல்லை, ஒயரே எரியும்.

முதல் பாடம் ஸ்பானர்

கணக்கர் தேடிப் போனது மல்லிக் பஜாருக்கு. பழைய கார்களின் உதிரி பாகங்கள் குவிந்து கிடக்கும் கொல்கத்தாவின் புகழ்பெற்ற சந்தை அது. அங்கே ஒரு சந்தில் டைனமோக்களைப் பிரித்துக்கொண்டிருந்த முதிய உஸ்தாத் ஒருவர், காரைப் பார்க்க வரச் சம்மதிக்கவில்லை. ‘கால் வலி, பாபு. நான் சொல்கிறேன், நீங்கள் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்’ என்றார்.

அவருடைய முதல் பாடம் மின்சாரத்தைப் பற்றியதல்ல, ஸ்பானரைப் பற்றியது. எந்த வேலைக்கும் முன் பாட்டரியைத் துண்டிக்க வேண்டும். அதிலும் எர்த் கேபிளை, அதாவது காரின் பாடியோடு இணைந்திருக்கும் கேபிளை, முதலில் கழற்ற வேண்டும். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறிப் பாடியைத் தொட்ட நொடியே பெரும் ஷார்ட். மாட்டும்போது எர்த் கடைசியில்.

எது எர்த் என்பதையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இன்று எல்லாக் கார்களிலும் நெகட்டிவ் முனைதான் பாடியோடு சேர்கிறது. பல பழைய பிரிட்டிஷ் வடிவக் கார்களில் பாசிட்டிவ் முனை சேர்ந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். இது தெரியாமல் புதிய ரேடியோவையோ ஆல்டர்னேட்டரையோ மாட்டினால் அது அன்றே முடிந்தது.

நிறங்களின் இலக்கணம்

இரண்டாவது பாடம், எதையும் பிடுங்கும் முன் எழுதி வைப்பது. இதைக் கணக்கர் மீறினார். பளபளப்பாக்கும் ஆசையில் கட்-அவுட் பெட்டியின் ஐந்து ஒயர்களையும் ஒன்றாகக் கழற்றினார். திருப்பி மாட்டும்போது இரண்டு இடம் மாறிப்போக, டைனமோவிலிருந்து சார்ஜ் வரவில்லை. ஒரு வாரம் வீணானது. உஸ்தாத் சிரித்தார்: ‘கணக்குப் புத்தகத்தின் பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டுக் கூட்டிப் பார்ப்பீர்களா?’ அன்றிலிருந்து கழற்றும் முன் செல்போனில் ஒரு படம். ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய ஒரு துண்டு டேப்.

அழுக்கைத் துடைத்த பிறகு அவருக்கு ஓர் அதிசயம் காத்திருந்தது. கறுப்பாகத் தெரிந்த ஒயர்களுக்கெல்லாம் நிறம் இருந்தது. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் வகுத்த நிற முறையைப் பிரிட்டிஷ் வடிவக் கார்கள் பின்பற்றின. பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேரே வருவது, சாவி இல்லாமலேயே எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்கும் ஃபியூஸுக்கும் பின்னால் வருவது. நீலம் ஹெட்லைட்டுக்கு. சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும். கறுப்பு எர்த். ஒரு நிறத்தின் மேல் ஓடும் இன்னொரு நிறக் கோடு, சுவிட்சைத் தாண்டிய கிளையைக் குறிக்கும்: நீலத்தில் வெள்ளைக் கோடு தூர வெளிச்சம், நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்ந்த வெளிச்சம்.

இந்த இலக்கணத்துக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் அமைந்த லூகாஸ்-டிவிஎஸ் ஆலை, இந்திய வண்டிகளுக்கான மின்சாதனங்களை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது.

நிற முறையில் அடங்காத ஒயர் கண்ணில் பட்டால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று பொருள். கணக்கர் அப்படிப் பதினொரு ஒயர்களை எண்ணினார். அவற்றில் நான்கு எங்குமே போய்ச் சேரவில்லை.

திரும்பி வரும் பாதை

புகை வந்த இரவுக்குப் பல மாதங்கள் முன்பே கார் எச்சரித்திருந்தது. வலது ஹெட்லைட் மங்கல். வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பக்க விளக்கும் சேர்ந்து துடிக்கும். ‘பேய் பிடித்தது போல’ என்று வீட்டில் கேலி செய்தார்கள். இது பேயல்ல, எர்த் கோளாறு.

மின்சாரம் போனால் மட்டும் போதாது. திரும்பி வரவும் வேண்டும். வீட்டில் அதற்குத் தனி ஒயர் உண்டு. காரில் அந்த வேலையை இரும்பு பாடியே செய்கிறது. விளக்கு பாடியோடு சேரும் இடத்தில் துருவோ பெயின்டோ குறுக்கிட்டால், மின்சாரம் வேறு பாதை தேடும். அடுத்த பல்பின் வழியாகப் புகுந்து வெளியேறும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று துடிப்பதன் ரகசியம் இதுதான்.

கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 60 வாட் எரியும் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும்; அதன் மின்தடை 2.4 ஓம். துருப்பிடித்த ஒரு திருகாணி வெறும் 0.4 ஓம் தடையைச் சேர்த்தால், பல்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10.3 வோல்ட்தான். இழப்பு 1.7 வோல்ட், அற்பமாகத் தோன்றும். ஆனால் இழைப் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாகச் சரிவதால் ஏறக்குறைய 40 சதவீத வெளிச்சம் போய்விடும். தொலைந்த மின்சாரமும் மாயமாவதில்லை. ஒரு திருகாணியின் முனையில் 7 வாட்டுக்கு மேல் சூடாகக் குந்தியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கத் தேவை ஒரு மல்டிமீட்டர். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் உலோக உடலிலும் வைக்க வேண்டும். நல்ல எர்த் என்றால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கணக்கரின் காரில் அது இரண்டு வோல்ட்டை நெருங்கியது. வலது மட்கார்டின் உட்புறத்தில், யாரோ அழகுக்காகப் பெயின்ட் அடித்து மூடிய ஒரு திருகாணி. உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே வாஸலின் தடவினார். வலக்கண்ணுக்குப் பார்வை திரும்பியது. செலவு, ஒரு உப்புத்தாள்.

விளக்குகள் மங்கினால் உடனே ஹெட்லைட்டைப் பழிக்கக் கூடாது என்பதும் உஸ்தாதின் அறிவுரை. நன்றாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் வேகம் எடுக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரியையோ அதன் கேபிள் இணைப்புகளையோ சந்தேகிக்கலாம். சிக்னலில் நிற்கும்போது விளக்கு சற்று மங்குவது டைனமோ கார்களின் சுபாவம். மெதுவான ஓட்டத்தில் டைனமோ சார்ஜ் தராது.

பல்பு சொன்ன சாட்சி

புகைக்குக் காரணமான ஷார்ட் இன்னும் பிடிபடவில்லை. அது எங்கே என்று தெரியாமல் பாட்டரியை மாட்டுவது தீக்குச்சியைக் கிழிப்பதற்குச் சமம். இதற்கு உஸ்தாத் சொன்ன வழி, பழைய தலைமுறை மிஸ்திரிகளின் கைவைத்தியம். பாட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரி முனைக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை இணைக்க வேண்டும். எல்லா சுவிட்சுகளும் அணைந்திருக்க வேண்டும், கதவுகள் மூடியிருக்க வேண்டும். பல்பு எரியாவிட்டால் ஒயரிங்கில் கசிவு இல்லை. பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஆனால் இப்போது பயமில்லை. ஷார்ட் எவ்வளவு பெரிதானாலும், பல்பு இழுக்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடாது. ஒரே எச்சரிக்கை: பல்பு நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. கணக்கர் ஃபியூஸ்களைக் கழற்றினார். அங்கே முதல் அதிர்ச்சி: ஒன்றில் ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. அதை நீக்கியும் பல்பு அணையவில்லை. எனவே கோளாறு ஃபியூஸுக்கு முந்தைய பகுதியில். பழுப்பு ஒயர்கள் சேருமிடத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நான்காவதைக் கழற்றியதும் பல்பு அணைந்தது.

அது பழுப்பு ஒயரே அல்ல. 1980களில் யாரோ பொருத்திய பனி விளக்குக்கான மஞ்சள் ஒயர். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ரகம். ஃபியூஸ் இல்லாமல் நேரே பாட்டரி மின்சாரத்தில் இணைத்திருந்தார்கள். இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் துளை போட்டு அதை நுழைத்தவர்கள், துளைக்கு ஒரு ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டின் விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் ஒயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தது. மழை இரவில் மிச்சமிருந்த தோலும் அறுபட்டு, கம்பி தகட்டைத் தொட்டது. தான் எரிந்ததோடு, ஒரே கட்டில் இருந்த ஹெட்லைட்டின் நீல ஒயரையும் இக்னிஷனின் வெள்ளை ஒயரையும் அது பொசுக்கியிருந்தது.

கெட்டுப்போனது மொத்தம் ஒன்றரை மீட்டர் நீளம். முழுக் காரின் ஒயரிங்கையும் உருவ வேண்டும் என்று சொல்லப்பட்டதன் உண்மை அளவு அவ்வளவுதான். எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. எங்கே வளைத்தாலும் மேலுறை உதிர்கிறது என்றால் புதிய ஒயரிங்தான் ஒரே வழி. ஆனால் அந்த முடிவு சோதனைக்குப் பின் வர வேண்டும், முன் அல்ல.

சூட்டின் கணக்கு

அறுந்ததை இணைத்ததோடு கணக்கர் நிறுத்தவில்லை. ஹெட்லைட் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. முந்தைய மெக்கானிக் ஒருவர் வெளிச்சத்துக்காக 100 வாட் பல்புகளைப் போட்டிருந்தார். 45 வாட் பல்புகள் இரண்டு இழுப்பது 7.5 ஆம்பியர், 100 வாட் இரண்டு இழுப்பது 16.7 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்றாலும், இணைப்புகளில் பிறக்கும் சூடு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதாவது ஏறத்தாழ ஐந்து மடங்கு. பழைய சுவிட்ச் எப்படித் தாங்கும்?

பல்புகளை 60 வாட்டுக்கு மாற்றி, இரண்டு ரிலேக்களைப் பொருத்தினார். ரிலே என்பது சிறிய மின்சாரத்தின் உத்தரவில் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் வாயிற்காவலன். விளக்குக்கான மின்சாரம் பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே பாயும். சுவிட்ச் உத்தரவு மட்டுமே இடும். ஒயரின் தடிமனும் முக்கியம். இரண்டு 60 வாட் விளக்குகளின் 10 ஆம்பியர், 1 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள 3 மீட்டர் செம்பு ஒயரில் அரை வோல்ட்டை இழக்கும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.2 வோல்ட்தான்.

அசல் தன்மையைக் கெடுக்கிறோமோ என்ற தயக்கம் உரிமையாளர்களுக்கு எழுவதுண்டு. அதற்குக் காரணமும் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்ய வகைசெய்கின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கணக்கருக்கு அந்த எண் தேவைப்படவில்லை. ஆனாலும் ரிலேக்களையும் புதிய ஃபியூஸ் பெட்டியையும் கண்ணில் படாத இடத்தில்தான் வைத்தார். அசல் ஒயர் எதையும் வெட்டவில்லை. நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

சீட்டுக்கு அடியில்

பின் விளக்குகளுக்குப் போகும் ஒயரைப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்காக ஒரு ஞாயிறு காலையில் பின் சீட்டைத் தூக்கினார். ஐந்து பைசா நாணயம் ஒன்று, மக்கிய பஸ் டிக்கெட்டுகள், ஒரு கொண்டை ஊசி. ஓரத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தார். ஒரு ஸ்பானர், பாட்டரி கேபிளின் நட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் அளவு. எண்ணெயின் தயவில் துருவே இல்லை.

அதை எடுத்துக்கொண்டு தந்தையின் அறைக்குப் போனார். ‘பாபா, அன்றைக்குப் பாலத்தில் இதைத்தான் சொன்னீர்களா?’

முதியவர் ஸ்பானரை வாங்கிக் கையில் புரட்டிப் பார்த்தார். பதில் வர நேரமாயிற்று. ‘எத்தனை தடவை... சொன்னேன்’ என்றார் குழறலாக, கோபத்தோடு.

ஸ்பானர் இப்போது சீட்டுக்கு அடியில் இல்லை. பானெட்டின் உள்ளே, பாட்டரிக்குப் பக்கத்தில், இருட்டிலும் கைக்கு எட்டும்படி கட்டி வைக்கப்பட்டிருக்கிறது.